ஓடாத மீட்டர்கள்

2019 பெப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை, காலை 7.40. மூடுபனி கலையவில்லை, எதிரே மலை இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது, மழை பெய்து பதினொரு நாள். கண்டி நகரின் ஒரு மேல் வீதிக்குக் கீழே, ஒன்பது வீட்டு வரிசையின் முற்றத்தில், எங்கள் தண்ணீர்க் கந்தோர் ஆட்கள் இருவர் அலவாங்கால் ஒரு சீமெந்துப் பலகையை நெம்பித் தூக்கினார்கள். அடியில் தண்ணீர் மீட்டர் இருந்தது. நான் முழங்காலில் நின்று கண்ணாடியைத் துடைத்து இலக்கத்தை வாசித்தேன். நம்பாமல் இன்னொரு தடவை வாசித்தேன். கந்தோர்க் கணக்கில் இருந்ததைவிட 1,140 அலகு கூடுதலாக இருந்தது. ஓர் அலகு என்பது ஆயிரம் லீற்றர். நான் வாசித்த இலக்கங்களில் வாசிக்காமல் விட்டிருக்கலாமே என்று நினைப்பது அந்த ஒன்றைத்தான்.

எங்கள் கந்தோர் நலன்புரிச் சங்கத்தின் மலருக்கு இதை எழுதச் சொல்லிக் கேட்டவர் ரிஸ்மி. மடவளைக்காரர். என் பழைய வீதிகளை இப்போது அவர்தான் வாசிக்கிறார். என் வீட்டு மீட்டரையும் அவர்தான் வாசிக்க வருவார். வந்தால் ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் போவார்.

"சேர், இனி வரப்போற மீட்டர கந்தோர்ல இருந்துகிட்டே வாசிக்கலாமாம். வீடு வீடாப் போற வேல இல்ல. அதுக்கு முந்தி ஒன்னு எழுதித் தாங்களேன். நாய் கடிச்ச கதையெல்லாம் எழுதுங்க."

நாய் என்னை நான்கு தடவை கடித்திருக்கிறது. அதில் எழுத ஒன்றுமில்லை. புது மீட்டர் வந்தால் என் வீட்டுக்கும் யாரும் வரத் தேவையிருக்காது என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

1986இல் இருபத்தைந்து வயதில் தண்ணீர்க் கந்தோரில் சேர்ந்தேன். உயர்தரம் படித்தவன் என்பதால் எழுத்து வேலை தருவார்கள் என்று எண்ணியிருந்தேன். காக்கிப் பையும் இரும்புக் கொக்கியும் தந்தார்கள். மூன்று மாதப் பயிற்சியில் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: கொக்கியால் மூடியைத் திறக்க வேண்டும், முதலில் தேளைப் பார்க்க வேண்டும், பிறகு கறுப்பு இலக்கங்களை வாசிக்க வேண்டும், சிவப்பை விட்டுவிட வேண்டும். கண்ணாடிக்குள் ஒரு சிறு நட்சத்திரச் சில்லு இருக்கும். வீட்டில் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அது சுற்றினால் எங்கேயோ ஒழுகுகிறது. முப்பத்தாறு வருடம் இந்தச் சில்லைப் பார்த்தேன். வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்தது குறைவு. வாசலுக்கு வெளியே குனிந்து வாசித்துவிட்டுப் போகிறவனை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை. நான் "மீட்டர் ஐயா". என் பெயர் செல்வராஜ் என்பது அந்த வீதிகளில் மூன்று வீட்டுக்குத் தெரிந்திருந்தால் அதிகம்.

சில்லு அசையாத மீட்டர்களும் இருந்தன. அவற்றைப் பற்றி நம் மலரில் இதுவரை யாரும் எழுதவில்லை. நான் சொன்ன மேல் வீதி ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு அருகில் இருக்கிறது. அங்கே பெரிய வீடுகளின் பக்க அறைகளுக்கும், வாகனக் கொட்டிலின் மேல்மாடிக்கும் தனித்தனி மீட்டர்கள். ஒரே வீதியில் ஏழு. மாதாமாதம் நான் குனிந்து வாசிப்பேன், போன மாதத்து இலக்கமே இருக்கும். மூடியைத் திறந்தால் எறும்புப் புற்று. ஆனால் பில் கட்டுவது ஒருநாளும் பிந்தாது. ஒரு பில்லில் இருக்கும் பெயர்க்காரருக்கு நகருக்கு வெளியே கெலிஓயாவில் கடை, குண்டசாலையில் வீடு. முதலாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஐந்து வருடம் குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். தண்ணீர் பில் அதற்கு ஓர் அத்தாட்சி. தண்ணீர் தேவையில்லை, பில்தான் தேவை. நான் "பாவனை இல்லை" என்று குறித்துக் கொடுப்பேன். அதற்குமேல் கேட்க எங்கள் கந்தோருக்கு விதி கிடையாது.

அந்த ஏழு மீட்டருக்கும் கீழே அறுபத்திரண்டு படி இறங்கினால் ஒன்பது வீட்டு வரிசை. அத்தனைக்கும் ஒரே மீட்டர், செத்துப்போன ஒரு காணிக்காரரின் பெயரில். நாற்பத்தொரு பேர். நம் கட்டண முறை எல்லோருக்கும் தெரியும்: பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறும். வீணாக்குகிறவர்களைத் தண்டிக்கச் செய்த முறை அது. ஒன்பது குடும்பம் ஒரே மீட்டரில் குடித்தால் கணக்கில் அது ஒரே குடும்பம்தான், பெரிய வீணாக்கும் குடும்பம். மேலே மீன் தொட்டியும் புல்வெளியும் வைத்திருந்த நான்கு பேர் கொண்ட ஒரு வீட்டார் ஓர் அலகுக்குக் கொடுத்ததைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகமாகக் கீழே வாளி வைத்துக் குளித்தவர்கள் கொடுத்தார்கள்.

அவர்கள் அந்தப் பில்லைப் பிரிக்கும் முறை எனக்குப் பிடிக்கும். மாதாமாதம் ஐந்தாம் திகதி, அவர்களில் ஒருவரான பாக்கியம் அக்கா ஒரு பால்மா டின்னோடு பொதுக் குழாயடியில் உட்காருவார். தலைக்கு இவ்வளவு. விருந்தாளி மூன்று நாளுக்கு மேல் தங்கினால் ஒரு தலை. கைக்குழந்தைக்குக் கணக்கில்லை, நடக்கத் தொடங்கினால் ஒரு தலை. ஒருதடவை நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி தன் மகனை இடுப்பிலிருந்து இறக்கப் போனாள்.

"ஏய், பாக்கியம் அக்கா பாக்குது. அஞ்சாந்தேதி முடியிற வரைக்கும் அவன நடக்க விடாதே" என்றாள் இன்னொருத்தி. பாக்கியம் அக்காவே சிரித்துவிட்டார்.

இந்த வரிசையில் ஐந்தாம் வீடு சரோஜாவுடையது. நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை, கணவருக்கு வாடகை ஓட்டோ. 2018 நவம்பரில் நான் வாசிப்பாளனிலிருந்து மீட்டர் பரிசோதகராக உயர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. படியில் என்னை மறித்துப் பேசினாள்.

"ஐயா, எங்களுக்குத் தனி மீட்டர் எடுக்க என்ன செய்யணும்?"

"எதுக்கு?"

"எங்க மொதலாளியம்மாவோட பேரப்புள்ள இன்னும் பொறக்கவே இல்லங்க ஐயா. அதுக்குள்ள மேல் ரோட்டுல ஒரு ரூம் எடுத்து அது அப்பா பேருக்கு பில்லு வந்திருச்சு." வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இதுக்கும் மூணு மாசம். நாங்க இங்கதானே இருக்கோம். நெசமாவே இருக்கோம். பில்லு மட்டுந்தான் இல்ல."

அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு இருந்தது. கடையில் அவளுக்கு மேலே இருந்த கணக்காளர் பெண் அங்கே படித்தவள். வேறு விளக்கம் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது விண்ணப்பித்தால் குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதில் ஐந்து வருட பில் சரியாகச் சேரும் என்று மனதில் கணக்குப் போட்டேன். அவள் அதை முன்பே போட்டிருந்தாள்.

எங்கள் பொறுப்பதிகாரி ரத்நாயக்க மாத்தயா. அவரைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். அவர் யாரிடமும் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. யார் வந்தாலும் தானே எழுந்து கதிரையை இழுத்துப் போடுவார். விண்ணப்பத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விரலை வைத்து வாசிப்பார். பென்சிலைச் சீவுவார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் கொண்டு வரும்வரை கோப்பு அலுமாரியில் இருக்கும். பதில் வந்தால் அடுத்த கேள்வி.

சரோஜாவிடம் முதலில் வாக்காளர் இடாப்பின் பிரதி கேட்டார். பிறகு கிராம சேவகரின் உறுதிக் கடிதம். பிறகு காணிக்காரரின் சம்மதம். அந்தக் குடும்பம் கொழும்பில் இருந்தது, தனி மீட்டர் வந்தால் குடியிருப்பவர்களுக்கு உரிமை வந்துவிடும் என்று பயந்து கையெழுத்துப் போடவில்லை. மாத்தயா இரண்டு வாரம் எடுத்து, சம்மதம் இல்லாமலும் கொடுக்க இடமளிக்கும் ஒரு பழைய விதியைத் தேடிப் பிடித்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். பிறகு குழாய்ப் பாதையின் வரைபடம் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் கடையில் அரைநாள் லீவு போட்டு வந்தாள்.

நாலாம் தடவை வெளியே வரும்போது என்னிடம் சொன்னாள்: "நல்ல மனுசருங்க ஐயா. கதிர போட்டு ஒக்கார சொல்றாரு. ஒக்காந்தா எனக்கு அரநா சம்பளம் போவுது. நின்னுகிட்டே எல்லாத்தையும் கேட்டாருன்னா தேவல."

நான் உள்ளே போய்க் கேட்டேன். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"செல்வராஜ், ஏழை மனுசி. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொன்னால் பயந்துவிடுவாள். திரும்பி வரவே மாட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னால் தாங்குவாள்."

உண்மையாகவே அப்படி நம்பினார். மேல் வீதிக்காரர்கள் எவரும் அந்தக் கதிரையில் உட்கார்ந்ததில்லை. அவர்களுக்காக வழக்கறிஞரின் எழுதுவினைஞர் ஒருவர் வருவார், எல்லாப் பதிலும் முன்பே உள்ளே இருக்கும் கோப்போடு. மாத்தயாவுக்குக் கேட்கக் கேள்வி இருக்காது.

ஐந்தாவது கேள்விதான் எங்களை அந்தச் சீமெந்துப் பலகைக்குக் கொண்டு போனது. பிரதான மீட்டரின் உண்மையான இலக்கம் என்ன? பல வருடங்களுக்கு முன் காணிக்காரர் முற்றத்துக்குச் சீமெந்து போட்டபோது மீட்டர் பெட்டியின் மேலும் போட்டுவிட்டார். நான் பரிசோதகரான பிறகு வந்த வாசிப்பாளர்கள் மாதம் அறுபத்திரண்டு அலகு என்று அனுமானத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். விதிப்படி அது பிழையும் அல்ல. மூடியைத் திறக்க முடியாவிட்டால் அனுமானம் எழுதலாம்.

பலகையைத் தூக்கியதும் அனுமானம் போய்விட்டது. 1,140 அலகு, எல்லாம் மேல்மட்ட விலையில். ரூபா 148,200.

பாக்கியம் அக்கா டின்னைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "நாங்க மாசாமாசம் ஒழுங்காத்தானே கட்டுனோம்? பில்லுல போட்டத கட்டுனோம். இப்ப எங்கயிருந்துங்க ஐயா வருது இந்தத் தண்ணி?"

"இது குடிச்ச தண்ணிதான், அக்கா. எழுதாம விட்டது."

"எழுதாம விட்டது நீங்க. கட்ட வேண்டியது நாங்களா?" திரும்பி ஐந்தாம் வீட்டைப் பார்த்தார். "ஒருத்தி தனியா குடிக்க ஆசப்பட்டா. நாப்பது பேரு தலையில கல்லு."

சரோஜா வயிறு பெரிதாகி, சுவரில் சாய்ந்து நின்றாள். நான் அவர்களுக்குத் தாளில் போட்டு விளக்கப் பார்த்தேன்: ஒரு குடும்பம் பிரிந்தால் பொது மீட்டரின் பாவனை குறையும், மற்றவர்களுக்கும் கொஞ்சம் இலாபம். யாரும் தாளை வாங்கவில்லை.

நிலுவை இருக்கும்போது புது இணைப்பு கொடுக்க முடியாது. தவணையில் கட்டலாம், இருபத்து நான்கு மாதம், மாதம் 6,175 ரூபா. அதற்கு நிரந்தர உத்தியோகத்தர் ஒருவர் பிணை நிற்க வேண்டும். அதுதான் ஆறாவது கேள்வி: உங்களுக்குத் தெரிந்த நிரந்தர உத்தியோகத்தர் யார்? ஒன்பது வீட்டிலும் அப்படி ஒருவரைத் தெரிந்தவர் இல்லை. மேல் வீதியில் எந்த வாசலில் தட்டினாலும் மூவரைக் காட்டுவார்கள். இங்கே அவர்களுக்குத் தெரிந்த ஒரே உத்தியோகத்தன், மாதம் ஒருதடவை முற்றத்தில் குனிந்துவிட்டுப் போனவன்.

"பென்ஷன் பக்கத்தில் இருக்கிறது. யோசித்துச் செய்யுங்கள்" என்றார் மாத்தயா.

யோசித்தேன். மனைவி இறந்து அப்போது இரண்டு வருடம். மகன் டோஹாவில். ஞாயிறு ஏழரைக்கு எடுப்பான், ஒன்பது நிமிடம் பேசுவான். நான் எதற்கும் பயப்படுகிறவன். வீட்டைவிட்டுப் புறப்பட்டால் காஸ் அடுப்பைப் பார்க்க இரண்டு தடவை திரும்பி வருவேன். ஆனாலும் அந்த இலக்கத்தை வாசித்தவன் நான். வேறு யார் கையெழுத்துப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. போட்டேன்.

2019 மே மாதம் மகள் பிறந்தாள், தர்ஷனி. ஜூனில் முதல் பில். இணைப்புக் கட்டணத்துக்குச் சரோஜா தோட்டை விற்றிருந்தாள். பில்லில் தன் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று என்னை வாசித்துக் காட்டச் சொன்னாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். வேறொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

வரிசையில் அவளுக்குப் பெயர் மாறிவிட்டது. "தனி மீட்டர்க்காரி." நிலுவைத் தவணையை அவளும் தலைக்கணக்கில் கட்டித்தான் வந்தாள், ஆனால் ஐந்தாம் திகதிக் குழாயடிப் பேச்சில் அவளுக்கு இடமில்லை. கணவரைப் பார்த்து, "என்னா தம்பி, ஒங்க வீட்டுத் தண்ணி இனிக்குதாமே?" என்பார்கள். என்னிடமும் அப்படித்தான். முன்பு குனிந்து வாசிக்கும்போது யாராவது ஒரு வார்த்தை பேசுவார்கள். இப்போது நான் படி இறங்கினால் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்கும்.

தவணை 2019 செப்டெம்பரில் தொடங்கி, ஏழு ஒழுங்காக வந்தது. பிறகு ஊரடங்கு. நாட்கூலிக்காரர்களுக்கு வேலை நின்றது, ஓட்டோ நின்றது. அதற்குப் பிறகு எரிபொருள் வரிசைக் காலம். விட்டு விட்டு இன்னும் ஏழு தவணை கட்டினார்கள். கட்டாமல் ஏமாற்றினார்கள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அரிசி வாங்கிய பிறகு மிஞ்சியதைத்தான் அந்த டின்னில் போட முடியும். 2022 கடைசியில் நான் ஓய்வு பெற்றபோது மிச்சத் தவணைகளை என் பணிக்கொடையில் கழித்துக்கொண்டார்கள். ரத்நாயக்க மாத்தயா அதற்கு முன்பே ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புது அதிகாரி கதிரை போடவில்லை. ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

2024இல் சரோஜா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குப் பில்களை மாத வாரியாக அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு போனாள். காணி உறுதி இல்லாததால் அதற்குப் புள்ளியில்லை. மற்றதெல்லாம் சேர்ந்து போதுமானதாக இருந்தது. "வீட்டப் பாக்க வருவாங்களாம் ஐயா. அது மட்டுந்தான் மிச்சம்" என்று போனில் சொன்னாள். எப்போது வருவார்கள் என்று சொல்வதில்லை. அதுதான் முறை.

ஒக்டோபரில் ஒரு வேலைநாள், பத்தரை மணிக்கு வந்தார்கள். சரோஜா கடையில். கணவர் ஓட்டத்தில். பிள்ளை பாலர் பாடசாலையில். கதவில் பூட்டு. குழாயடியில் பாக்கியம் அக்கா துணி அலசிக்கொண்டிருந்தார். வந்த ஆசிரியை அவரைக் கேட்டிருக்கிறார், இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று.

பாக்கியம் அக்கா நிமிராமலே சொல்லியிருக்கிறார்: "அவுங்க தனி மீட்டர்க்காரங்க. அவுங்க வர்றது போறது எதுவும் நமக்குத் தெரியாது."

ஆசிரியை எழுதிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

அந்த மாதம் ரிஸ்மி என் மீட்டரை வாசிக்க வந்தபோது தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"சேர், மேல் ரோட்டுல ஒரு புதினம். அந்த ஏழு மீட்டரும் இந்த மாசம் ஓடியிருக்கு."

"எப்படி?"

"திரை போட்டு, அடுப்பு வச்சு, உடுப்புக் காயப்போட்டு, ஒரு வாரமா ஆள் இருந்திச்சாம். ஒன்னுல மூனு யூனிட். யாரோ முந்தியே சொல்லியிருக்காங்க போல."

ஆக, யாரும் இல்லாத வீடுகளில் அன்றைக்கு ஆள் இருந்தது. ஆள் இருந்த வீட்டில் யாரும் இல்லை, வேலைக்குப் போயிருந்தார்கள்.

பட்டியலில் தர்ஷனியின் பெயர் இல்லை. "வசிப்பிடம் உறுதிப்படுத்தப்படவில்லை" என்று காரணம் போட்டிருந்தார்கள். அது வெளியான அன்று மாலை என் வீட்டு வாசலில் பாக்கியம் அக்கா வந்து நின்றார். என் வீடு அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஐயா, அது பள்ளிக்கூடத்து ஆளுன்னு எனக்குத் தெரியாது. கடன்காரங்க யாரோ விசாரிக்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன். கோவத்துல சொல்லிட்டேன். அந்தப் புள்ள என் கையில வளந்ததுதானே."

"சரோஜாகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? நீங்க வாங்க ஐயா. எங்க போய் சொல்லணுமோ அங்க சொல்றேன். நாந்தான் பொய் சொன்னேன்னு சொல்றேன்."

பள்ளிக்கூட வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. மேன்முறையீட்டை நான் எழுதித் தட்டச்சுக்குக் கொடுத்தேன். வலயக் கல்விப் பணிமனைக்குப் பாக்கியம் அக்காவையும் வரிசையில் இன்னும் இரண்டு பெண்களையும் ஓட்டோவில் கூட்டிப் போனேன். சரோஜாவின் கணவருடைய ஓட்டோவில் ஏற மூவருமே மறுத்துவிட்டார்கள், வெட்கம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பாக்கியம் அக்கா தான் சொன்னதை அப்படியே ஒப்பித்து, அது பொய் என்றார். அதிகாரி சிரித்தார்.

"அம்மா, அன்றைக்குச் சொன்னது பொய் என்றால் இன்றைக்குச் சொல்வது உண்மை என்று எப்படி எழுதுவது?"

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. கள அறிக்கையை மாற்ற இடமில்லை. ஏழு மீட்டரில் ஐந்தின் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்ததாக ரிஸ்மி சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து அந்த மீட்டர்கள் மறுபடியும் நின்றுவிட்டன.

தர்ஷனி இப்போது பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். இரண்டு வகுப்புக்கு ஓர் ஆசிரியை. அவளைக் கூட்டிப்போய் விடுவதற்காகச் சரோஜா கடையில் காலை நேரத்தைக் குறைத்துக்கொண்டாள், சம்பளமும் குறைந்தது. பாக்கியம் அக்கா அவளிடம் சொல்லிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இருவரும் பேசிக்கொள்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது. அந்தப் படிகளில் இறங்க எனக்கு இப்போது காரணம் ஒன்றும் இல்லை.

போன மாதம் மார்க்கட்டில் கறிவேப்பிலை வாங்கும்போது சரோஜாவைக் கண்டேன். நேரே வந்தாள்.

"ஐயா, எங்க நிலுவையில ஒங்க காசு போச்சாமே. யாரும் எனக்குச் சொல்லலியே. எவ்வளவுங்க ஐயா?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"நாலாயிரம் இருக்கும். எல்லாம் முடிஞ்ச கணக்கு."

அவள் முகம் தெளிந்தது. மாதம் ஐந்நூறு தந்து முடித்துவிடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மிச்சக் காசை வாங்காமலே நடந்துவிட்டேன்.

நம் சங்கத்தின் மலர் அவள் கைக்குப் போகாது. ஆகவே சரியான கணக்கை இங்கே எழுதலாம். பணிக்கொடையில் கழித்த பத்துத் தவணை 61,750. தட்டச்சு 600. பிரதிகள் 290. வலயப் பணிமனைக்குப் போய்வந்த ஓட்டோ 1,100. மொத்தம் ரூபா 63,740.